நிறுக்கும் முன்னே அரைப்பேரா?

"மருத்துவமெல்லாம் நமக்கு எட்டாது பிள்ளை; கலைப்பிரிவை எடுத்து ஒரு பட்டதாரியாகிவிடு." மலையகத்துப் பாடசாலைகளில் சாதாரண தரப் பெறுபேறு வெளியான மறுவாரம் ஆண்டுதோறும் இந்த வாக்கியம் ஏதோவொரு வடிவத்தில் உச்சரிக்கப்படுகிறது. சொல்பவர் கொடியவரல்லர். பெரும்பாலும் பிள்ளையிடம் அன்புடையவர். அதனை ஏமாற்றத்தினின்றும் காக்க விழைபவர். அவ்வன்பைக் குறித்து நமக்கு முறைப்பாடு எதுவுமில்லை. அவ்வன்பு எந்தக் கணக்கின்மேல் நிற்கிறது என்பதுதான் நமது கேள்வி.

பிரித்தானியாவில் மாணவன் பெறக்கூடிய பெறுபேற்றை ஆசிரியர் முன்கூட்டியே மதிப்பிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியனுப்புவர். நம் நாட்டில் அவ்வழக்கம் இல்லை. இங்கே பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்த பின்னரே விண்ணப்பம். ஆயினும் எழுதப்படாத முன்கணிப்பொன்று நம்மிடையேயும் வாழ்கிறது. சாதாரண தரத்தின் பின் எந்தப் பிரிவைத் தெரிவதென்ற கட்டத்தில் அது முதலில் தலைகாட்டும். உயர்தர வகுப்பின் தவணைப் பரீட்சையில் பௌதிகவியற் புள்ளி சரிந்ததும், "இப்போதாவது பிரிவை மாற்று" என்று மீண்டும் வந்து நிற்கும். எல்லாம் முடிந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்பும்போதும் விலகாது. மருத்துவத்தை முதல் விருப்பாக எழுதப் போன கையை அது தடுக்கும். வெட்டுப்புள்ளியால் வெளியேற்றப்படும் பிள்ளைகளின் கணக்கு ஏட்டில் இருக்கிறது. இந்த முன்கணிப்பால் விண்ணப்பிக்காமலே நின்றுவிடும் பிள்ளைகளின் கணக்கை எந்த ஏடும் வைத்திருக்கவில்லை.

பௌதிகவியலில் முப்பத்தைந்து புள்ளி எடுக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அந்த முப்பத்தைந்து எதனை அளக்கிறது? அப்பிள்ளையின் மூளையையா? பன்னிரண்டாம் ஆண்டிற் பாதி நாள் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. வந்தவரும் கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுச் சமவெளிக்குப் போய்விட்டார். ஆய்வுகூடம் என்று பலகை தொங்கும் அறையில் பழைய மேசைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரசாயனவியற் செய்முறையைப் பிள்ளை படத்திற் பார்த்து மனனம் செய்கிறது. பாடசாலை விட்டு வந்தால் லயத்துக் காம்பரா ஒன்றில் ஆறு பேர், ஒரே மின்குமிழ், பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சிச் சத்தத்தைத் தடுக்கச் சுவருக்குக் கூரைவரை உயரமில்லை. இத்தனையையும் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபக்கத்தில் முப்பத்தைந்தை மட்டும் வைத்து, "பிள்ளை கெட்டிக்காரியில்லை" என்று தீர்ப்பெழுதுவது எந்த விஞ்ஞானம்? உயர்தரத்தின் எல்லாப் பிரிவுகளும் உள்ள 1ஏபி பாடசாலைகள் நாட்டின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளுள் ஏறத்தாழ ஆயிரமே. அவ்வாயிரத்துள் ஒன்றிற்குப் போய்ச்சேர மலைப்பாதையில் விடியுமுன் இறங்கும் பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் உட்காரும் முன்பே ஒரு பரீட்சையை எழுதி முடித்திருக்கிறது. அதற்குப் புள்ளியில்லை.

தோட்டத்து வழக்கொன்றை இங்கே நினைவூட்டலாம். நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்த கொழுந்து கொண்டுவரும் பெண்ணுக்கு அரைப்பேர் போடுவார்கள். நாள்முழுதும் மழையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம். கொடிய வழக்கம் இது. ஆனால் அரைப்பேர் போடுகிறவரும் கொழுந்தைத் தராசில் நிறுத்த பின்னர்தான் போடுகிறார். நம் ஆசிரியர் ஓய்வறைகளிலோ கூடையை முதுகினின்றும் இறக்கும் முன்னே அரைப்பேர் விழுந்துவிடுகிறது. அதுவும், கொழுந்தில்லாத காய்ந்த மலைக்கு அனுப்பிவைத்த பிறகு!

இந்த மலை காய்ந்தது இயற்கையால் அன்று. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். மூன்றாண்டுகளின் பின், 1870இல், கொழும்பில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. இந்நாட்டின் தேயிலையும் மேலைத்தேய மருத்துவக் கல்வியும் ஏறத்தாழ ஒரே வயதுடைய பிள்ளைகள். ஒன்றின் உழைப்பு மற்றொன்றின் செலவுக்குத் துணையாயிற்று. ஆனால் தேயிலையை வளர்த்தவரின் பிள்ளைகளுக்கென 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துரைமாரிடம் ஒப்படைத்தது எழுத்தறிவூட்டும் ஒற்றை மண்டபத்தைத்தான். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் கதவு திறந்தபோதும் தோட்டப் பாடசாலை தோட்டத்துக்கே சொந்தமாயிருந்தது. அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். மூன்று தசாப்தங்கள் பிந்திப் புறப்பட்டவனைப் பார்த்து, "ஏன் முன்னாலே இல்லை?" என்று கேட்பதற்குச் சற்றே துணிச்சல் வேண்டும்.

இடையிலே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. பிரசை அல்லாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை. வைத்தியனாவதென்பது பெரும்பாலும் அரச உத்தியோகம். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி முற்றாய் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது. ஆக, மருத்துவத்தை நினைக்கலாம் என்ற உரிமையே ஒரு தலைமுறைப் பழக்கமுடையதாக இன்னும் முதிரவில்லை. "எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிப் போனதில்லை, சேர்" என்று தகப்பன் சொல்லும்போது அதை அறியாமை என்று நாம் கொள்வதற்கில்லை. அவர் சொல்வது வரலாறு.

1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளியும் சிங்கள மொழி மூல மாணவர் 229 புள்ளியும் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து இளைஞர் கொதித்தனர், கொதித்தது நியாயமே. மொழியைக் கொண்டு மூளையை நிறுப்பது அநீதி. ஆனால் அந்தப் பெருவாதத்திலே தோட்டத்துப் பிள்ளை எங்கே நின்றது? ஆய்வுகூடத்தைக் கண்ணாற் காணாத அப்பிள்ளையும் "தமிழ் மொழி மூலம்" என்ற ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டது. கொழும்பின் கணக்கும் அதை எண்ணவில்லை, யாழ்ப்பாணத்தின் கண்ணீரும் அதை எண்ணவில்லை. 1974இல் மாவட்ட அடிப்படை வந்தபோது வடக்கிலே அது மேலுமோர் அநீதியாக உணரப்பட்டது. நுவரெலியாவிலோ அதுவே திறந்த ஒரே சாளரம். இந்த உண்மையைத் தமிழ் முற்போக்காளர் பலர் உரத்துச் சொல்லத் தயங்குவர். தயக்கம் நமக்கில்லை: மாவட்டக் கோட்டா தோட்டத்துப் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் இன்றுள்ள வடிவில் அது போதாது.

ஏன் போதாது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மருத்துவபீட இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் நுவரெலியா ஒன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்மாவட்டத்தின் மக்கள் ஏழு இலட்சத்துப் பதினோராயிரத்துக்கு மேல். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மதிப்பீட்டு ஏட்டில் "இந்தியத் தமிழர்" எனப் பதியப்பட்டோர். அவர்களின் தலைகளையும் எண்ணித்தான் அம்மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று தீர்மானிக்கப்படுகிறது. எண்ணும்போது தோட்டத்துத் தலை. இடத்தில் அமரும்போது யாருடைய தலை? மாணவர் எம்மாவட்டத்தவர் என்பது அவர் கற்ற பாடசாலையைக் கொண்டு முடிவாகிறது. வசதிமிக்க நகரப் பாடசாலையும், ஒற்றைப் பௌதிகவியல் ஆசிரியருக்கு ஏங்கும் தோட்டத்தருகுப் பாடசாலையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளியின்கீழ்ப் போட்டியிடுகின்றன. வெளிமாவட்டத்தார் இங்கே வந்து பதிந்து பரீட்சை எழுதுவது பற்றிய முறைப்பாடும் மலையகத்தில் நெடுங்காலமாக உண்டு. அப்படி வரும் மாணவரைப் பகைக்க வேண்டுமென்பது நமது கருத்தன்று. தமிழனைத் தமிழனோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கச் சிலர் எப்போதும் காத்திருக்கிறார்கள். குற்றம் அளவுகோலில் உள்ளது. பின்தங்கியது மாவட்டம் என்று சட்டம் கூறுகிறது. மாவட்டத்துக்குள்ளே எது பின்தங்கியது என்று கேட்கும் துணிவு அச்சட்டத்துக்கு இல்லை.

தமிழ்நாடு அக்கேள்வியைக் கேட்டது. நீட் தேர்வு வந்தபின் அங்கே அரசுப் பள்ளியிற் பயின்று மருத்துவத்துக்குச் சென்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர். 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கென 7.5 வீத உள்ளொதுக்கீட்டைச் சட்டமாக்கினர். முதலாண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்டோர் மருத்துவ வகுப்புகளில் நுழைந்தனர். ஓராண்டுக்குள் அப்பிள்ளைகளின் மூளை வளர்ந்துவிடவில்லையே! வளர்ந்தது வாசல். பிறப்பையும் பிரதேசத்தையும் பாராது, கற்ற பாடசாலையின் நிலையைப் பார்த்து இடம் வழங்கும் இத்தகைய ஏற்பாடொன்றை நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களின் கோட்டாவுக்குள்ளே ஏன் செய்தல் ஆகாது? சிங்களக் கிராமத்துப் பின்தங்கிய பாடசாலைப் பிள்ளையும் அதனாற் பயன்பெறும். வலப்பனையின் ஏழை விவசாயியின் மகனுக்கும் அக்கரப்பத்தனையின் கொழுந்து பறிப்பவளின் மகளுக்கும் இதில் பகையில்லை.

இந்த இடத்தில், "வைத்தியத்தின் தரம் என்னாவது?" என்ற குரல் எழும். மனித உயிரோடு விளையாடலாமா என்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் அதனை எப்போதும் ஏழையின் பிள்ளையை நோக்கியே கேட்பதுதான் வியப்பு. அரச மருத்துவபீடத்தின் வெட்டுப்புள்ளியை எட்டாதவர்கள் பணங்கட்டிப் பிறநாடுகளில் மருத்துவங் கற்றுத் திரும்பி, மருத்துவச் சபையின் பரீட்சை எழுதிப் பதிவுபெறுவது நெடுநாளைய வழக்கம். மாலபேயிலே சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி எழுந்தபோது அதனை எதிர்த்து மருத்துவ மாணவர் மாதக்கணக்கில் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 2017இல் அரசு அதனைக் கலைக்க இணங்கியது. அப்போராட்டத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் சமூகத்தின் பொதுப்புத்தியில் ஒன்று இன்னும் கலையவில்லை: குறைந்த புள்ளியோடு பணமும் சேர்ந்தால் அதன் பெயர் "மாற்று வழி", குறைந்த புள்ளியோடு லயத்து முகவரி சேர்ந்தால் அதன் பெயர் "பேராசை".

தரம் என்பது நுழைவாயிலில் மட்டும் அளந்து முடியும் பொருளன்று. மாவட்டக் கோட்டாவில் நுழைந்த மாணவிக்கும் திறமை அடிப்படையில் நுழைந்த மாணவனுக்கும் இறுதி மருத்துவப் பரீட்சை ஒன்றே. அங்கே மாவட்டமில்லை, சலுகையில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரி 2001 முதல் அந்நகரின் பின்தங்கிய பாடசாலைகளிலிருந்து குறைந்த பெறுபேறுடைய மாணவரை மருத்துவத்துக்குச் சேர்த்துக்கொள்கிறது. அவர்களுக்குத் தொடக்கப் பாடங்களை நிதானமாகக் கற்பிக்க ஓராண்டு கூடுதலாகக் கொடுக்கப்படுகிறது. இறுதிப் பரீட்சையில் எந்தத் தளர்வுமில்லை. அவர்களிற் பெரும்பாலோர் தேறி வைத்தியராயினர். முதலாளித்துவத்தின் தலைநகர் ஒன்றிலேயே இது முடியுமாயின், இலவசக் கல்வியைத் தன் பெருமையாகப் பேசும் நாட்டில் முடியாதென்பது விந்தை.

மலைநாட்டுக்கு இவ்வைத்தியர் தேவையா என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிற் கிட்டத்தட்ட 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாடு முழுவதிலும் அது 17 வீதம். டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை எழுந்தது. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். கட்டடத்தை அயல்நாடு தரலாம். "அடிவயிறு இழுத்துப் பிடிக்குதுங்க" என்று ஒரு தாய் சொல்வதை இடையாள் இன்றி விளங்கிக்கொள்ளும் வைத்தியரை இந்த மலைகள்தாம் தரவேண்டும்.

இனி, மிகக் கடினமான பகுதி. பெற்றோரின் அச்சம் கற்பனையானதன்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் ஏறுவதற்கே ஆண்டுக்கணக்காகப் போராடவேண்டியிருந்த சமூகம் இது. உயர்தரம் எழுத ஒருவருக்கு மூன்று வாய்ப்புகள். மூன்றையும் எழுதி முடிக்கையில் வயது இருபத்தொன்றைத் தாண்டும். வார இறுதிகளில் ஹட்டனுக்கோ கண்டிக்கோ பிரத்தியேக வகுப்புக்குப் போவதற்குக் கட்டணம், பேருந்துச் செலவு. அதே காலத்தில் பக்கத்து லயத்துப் பெண் கொழும்பில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். "மருத்துவம், மருத்துவம்" என்று மேடையில் முழங்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். கடன் அந்தத் தாயின் தலையில். ஆதலால் வீரவசனம் இங்கே உதவாது.

முதன்முறை உயிரியற் பிரிவைத் தெரிவதற்கு விருப்பமும், கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திருத்தமான சித்தியும் போதும். அதனைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. உயிரியற் பிரிவு மருத்துவத்தோடு முடிந்துபோகும் ஒற்றைப் பாதையுமன்று. பேராதனையில் பல் மருத்துவமும் மிருக வைத்தியமும் விவசாயமும் உள்ளன. தாதியியல், மருந்தாளர் கல்வி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் உள்ளன. திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் சித்த மருத்துவம் உண்டு. "மருத்துவம் கிடைக்காவிட்டால் நடுத்தெரு" என்று பயமுறுத்துவோர் இப்பட்டியலை ஒருமுறை வாசிப்பது நலம்.

இரண்டாம் முறை எழுதுவதா என்பதற்கு நாம் ஒரு சோதனையைச் சொல்வோம். பாடத்திட்டத்தின் அலகுகளை இரண்டாகப் பிரியுங்கள்: ஆசிரியர் வகுப்பில் உண்மையாகவே கற்பித்த அலகுகள், கற்பிக்கப்படாமலே விடுபட்ட அலகுகள். பழைய வினாத்தாள்களைக் கொண்டு இரண்டிலும் பிள்ளையின் புள்ளியைத் தனித்தனியே பாருங்கள். கற்பித்தவற்றில் நன்றாகவும் விடுபட்டவற்றில் மோசமாகவும் இருந்தால், குறைந்த பெறுபேறு பாடசாலையினுடையது. அப்பிள்ளை கட்டாயம் மீண்டும் எழுத வேண்டும். இரண்டிலும் ஒரே அளவாகத் தடுமாறினால், வேறு கற்கைநெறிகளைப் பற்றி அப்பிள்ளையோடு நேர்மையாகப் பேச வேண்டும்; அதிலே இழிவேதுமில்லை. மூன்றாம் முறையைப் பற்றி எல்லோருக்கும் ஒரே மருந்து எழுத நாம் துணியமாட்டோம். வீட்டின் வருமானம், பிள்ளையின் உடல்நலம், எட்டவேண்டிய புள்ளியின் தூரம் ஆகியவற்றை எதிரே வைத்து அக்குடும்பமே முடிவு செய்யட்டும். ஒன்று மட்டும்: மகனுக்கு மூன்றாம் முறை, மகளுக்கு ஒருமுறை என்ற கணக்கு நம் வீடுகளில் இருக்கிறது. அது ஒழியவேண்டும்.

விண்ணப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கற்கைநெறிகளை விருப்பொழுங்கில் எழுதுவது அங்கே விதி. பிள்ளையின் இசட் புள்ளி எட்டக்கூடியவற்றுள் மேலே எழுதப்பட்டது எதுவோ அது கிடைக்கும். மருத்துவத்தை மேலே எழுதியதற்காகக் கீழே எழுதிய விவசாயம் கைநழுவிப் போவதில்லை. மாறாக, "பாதுகாப்பு" என்று எண்ணி விவசாயத்தை மேலே எழுதிவிட்டால், அவ்வாண்டு நுவரெலியாவின் மருத்துவ வெட்டுப்புள்ளி பிள்ளையின் புள்ளிக்குக் கீழே இறங்கினாலும் இடம் வராது. வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. சென்ற ஆண்டின் எண் இவ்வாண்டுக்குச் சட்டமன்று. கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பத்திரிகையிற் பார்த்துவிட்டு மனமொடியும் பிள்ளைக்கு, தன் மாவட்டத்தின் எண் அதனினும் குறைந்தது என்று சொல்ல ஓர் ஆசிரியர்கூட இல்லாத பாடசாலைகள் உண்டு.

ஆசிரிய நண்பர்கள் இவ்வாண்டு செய்யக்கூடியவை இவை. கடந்த ஐந்தாண்டுகளின் நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளிகளை, மருத்துவத்துக்கு மட்டுமன்றி உயிரியற் பிரிவின் எல்லாக் கற்கைநெறிகளுக்கும், பதினோராம் ஆண்டு வகுப்பறையின் சுவரில் ஒட்டுங்கள். விண்ணப்பம் நிரப்பும் நாளில் பெற்றோரையும் அழைத்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள். பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத ஒவ்வொரு வாரத்தையும் திகதியிட்டுக் குறித்து, வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபரின் கையொப்பத்துடன் அனுப்புங்கள். பிரதியைப் பெற்றோர் சங்கத்துக்கும் தோட்டத்துத் தொழிற்சங்கங்கள் எல்லாவற்றுக்கும் கொடுங்கள். சம்பளத்துக்காக மறியல் செய்யத் தெரிந்த சங்கங்கள் பௌதிகவியல் ஆசிரியருக்காக ஒருநாள் பணிமனை வாசலில் நிற்கட்டும். மாவட்டத்தில் வலயங்கள் ஐந்து: ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த.